வாசகர் கேள்வி – பதில்: ஐந்தாம் வகுப்பில் எழுத்துக்கூட்டும் குழந்தை

கேள்வி: ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். முப்பத்தைந்து பேரில் பன்னிரண்டு பேருக்கு ஒரு பத்தியைக்கூடப் படிக்க வரவில்லை. போர்ஷனையும் முடிக்க வேண்டும். என்ன செய்வது?

பதில்: உங்கள் வகுப்பில் மட்டும் இருக்கும் சிக்கல் அல்ல இது. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பத்து வயதுக் குழந்தைகளில் சுமார் 70 சதவீதம் பேரால் எளிய கதையை வாசித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று 2022-இல் உலக வங்கி மதிப்பிட்டது.

அந்தப் பன்னிரண்டு பேரும் ஒரே நிலையில் இல்லை. ஒருவருக்கு எழுத்தே தடுமாறும். இன்னொருவர் சொல்லை வாசிப்பார், வாக்கியத்தில் நின்றுவிடுவார். எழுத்துத் தேர்வில் இது தெரியாது. பார்த்து எழுதப் பழகிய பிள்ளை தேறிவிடும். ஒவ்வொருவரையும் தனியே அழைத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு தாள் போதும்: சில எழுத்துகள், எளிய சொற்கள், நான்கு வரிப் பத்தி, பத்து வரிக் கதை. முதலில் பத்தியைக் கொடுங்கள். வாசித்தால் கதை, திணறினால் சொற்கள், அதற்கும் கீழே எழுத்துகள். இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் துணையோடு 2005-இல் தொடங்கிய அசர் (ASER) என்ற கற்றல் நிலை ஆய்வும் இப்படித்தான் வாசிப்பை அளக்கிறது. ஆளுக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். மற்ற பிள்ளைகளின் காதில் விழாத இடமாக இருக்கட்டும். வெட்கப்படும் குழந்தை தெரிந்ததையும் வாசிக்காது.

பிறகு தினமும் ஒரு மணி நேரம், மூன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளைக் கலைத்து, நிலைவாரியாக உட்கார வையுங்கள். மூன்று வகுப்புக்கும் ஒரே நேரம் என்று தலைமையாசிரியர் ஒதுக்கினால்தான் இது நடக்கும். எழுத்துக் குழுவுக்கு உயிர்மெய் அட்டைகளைக் கோத்துச் சொல் அமைக்கும் வேலை. சொற்குழுவுக்கு, நீங்கள் விரல் வைத்து வாசிக்கும் பத்தியைத் தொடர்ந்து தானே வாசிப்பது.

பெரும்பாலும் மூன்று இடங்களில் சறுக்கும். கூட்டாகச் சொல்ல வைத்தால் வாசிக்காத பிள்ளை அந்தக் குரலுக்குள் ஒளிந்துகொள்ளும். கீழ்நிலைக் குழுவை அனுபவமில்லாதவரிடம் கொடுத்துவிடுகிறோம். அங்கேதான் தேர்ந்த ஆசிரியர் வேண்டும். மாதம் ஒருமுறை மறுபடி வாசிக்கவைத்துக் குழு மாற்றாவிட்டால், அதுவே 'மக்குக் குழு' என்ற நிரந்தர முத்திரையாகிவிடும். அது பெரிய அநீதி.

போர்ஷன்? வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அது முடிந்ததாக நாம்தான் சொல்லிக்கொள்கிறோம். அந்த ஒரு மணி நேரத்தைத் தயங்காமல் எடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு மொழி வேறு. வீட்டிலும் பள்ளி மொழியிலேயே பேசச் சொல்கிறார் ஆசிரியர். சரியா?

பதில்: வேண்டாம். உங்களுக்குச் சரளமாக வராத மொழியில் பேசினால் பேச்சே சுருங்கிவிடும். கதை, காரணம், கேள்வி எதுவும் குழந்தைக்குக் கிடைக்காது. வீட்டு மொழியில் தாராளமாகப் பேசுங்கள். அன்றைய பாடத்தின் ஐந்து புதுச் சொற்களை மட்டும் வீட்டு மொழியில் விளக்குங்கள். குழந்தை முதலில் தன் மொழியில் பதில் சொல்லட்டும், பிறகு பள்ளி மொழியில் சொல்லட்டும் என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.

கேள்வி: பழைய மாணவர்கள் சேர்ந்து பள்ளிக்கு டேப்லெட் வாங்கித் தரலாமா?

பதில்: அதிலுள்ள பாடம் குழந்தையின் நிலையிலிருந்து தொடங்குமா, பழுதானால் யார் சரிசெய்வார் என்று முதலில் கேளுங்கள். எல்லோருக்கும் ஐந்தாம் வகுப்புப் பாடத்தையே காட்டும் என்றால், ஏற்கெனவே வாசிப்பவர்கள்தான் முன்னேறுவார்கள். அந்தப் பணத்தில், மேலே சொன்ன ஒரு மணி நேர வாசிப்பு வகுப்புக்கு ஓர் உதவியாளரை ஓராண்டு அமர்த்துவதே மேல்.