முதலில் கதை கட்டியது யார்?

கேள்வி: 1952-இல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உள்ள கார்டிஃப் நகரில், செய்யாத கொலைக்காக மஹ்மூத் மத்தான் என்ற சோமாலிய மாலுமியைத் தூக்கிலிட்டார்கள். அவரை வைத்து நதீஃபா முகமது ‘தி ஃபார்ச்சூன் மென்’ என்று நாவல் எழுதியிருக்கிறார். அந்தத் தீர்ப்பு தவறு என்று 1998-இலேயே நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆவணங்கள் எல்லாம் இருக்கின்றன. அப்புறம் எதற்கு நாவல்? நடந்த கொடுமையில் கற்பனையைக் கலப்பது ஏமாற்று வேலை இல்லையா?

பதில்: ஏமாற்று வேலை என்கிறீர்கள். அந்த வார்த்தையோடு 1952 ஜூலைக்கு, மத்தான் வழக்கு நடந்த ஸ்வான்சீ நீதிமன்றத்துக்குப் போய்வரலாம்.

கார்டிஃபில் பியூட் தெருவில் கடை வைத்திருந்த பெண்ணைக் கழுத்தறுத்துக் கொன்றுவிட்டுப் பணத்தை எடுத்துப் போய்விட்டார்கள். மத்தானிடம் அந்தப் பணம் இல்லை. துணியில் ரத்தம் இல்லை. ஷூவில் மட்டும் கண்ணுக்கே தெரியாத சில ரத்தத் துளிகள். அது இன்னொருவர் போட்டுக் கழித்த ஷூ, பழசாக வாங்கியது. கடைப்பக்கம் ஓர் ஆளைப் பார்த்த 12 வயதுச் சிறுமி, மத்தானை நேரில் காட்டியபோது ‘இவர் இல்லை’ என்றாள். அவளை யாரும் சாட்சிக் கூண்டுக்கு அழைக்கவில்லை. அடையாள அணிவகுப்பில் நான்கு பேர் அவரைக் காட்டவில்லை என்பதும் ஜூரிக்குத் தெரியாது. ‘இவர்தான்’ என்ற முக்கிய சாட்சி, முதலில் போலீஸிடம் வேறொரு சோமாலியரைச் சொல்லியிருந்தவர். பிறகு, துப்புக் கொடுப்போருக்கு அறிவித்திருந்த பரிசுத்தொகையில் பங்கு வாங்கியவர்.

இவ்வளவு ஓட்டைகள் இருந்தும் வழக்கு எப்படி நின்றது? மத்தானின் சொந்த வக்கீல் ஜூரியிடம் சொன்னது பதிவில் இருக்கிறது: “பாதி இயற்கையின் குழந்தை, பாதி அரைகுறை நாகரிகம் பெற்ற காட்டுமிராண்டி.” காப்பாற்ற வந்தவர் சொன்னது இது! அந்தக் கூண்டில் நின்றது ஹர்கெய்ஸாவில் பிறந்து, கப்பலில் உழைத்து, லாராவைக் கல்யாணம் செய்து, மூன்று பையன்களுக்கு அப்பாவான மனிதர் இல்லை. அவர்களாகக் கட்டிய ஒரு கறுப்பு உருவம். செப்டம்பர் 3-ஆம் தேதி தூக்கில் போட்டது மட்டும் நிஜ மனிதரை.

கற்பனை அங்கேயே கலந்துவிட்டது ஐயா. நாவலாசிரியர் செய்தது, அதை அப்புறப்படுத்தி உள்ளே இருந்த ஆளைத் தேடியது. நதீஃபாவின் அப்பாவும் மாலுமி, மத்தானோடு பழகியவர்.

நாவலில் எனக்கு மிகவும் பிடித்தது, மத்தானை அவர் உத்தமராக ஆக்கவில்லை என்பதுதான். சூதாடுகிறார், சின்னச் சின்னதாகத் திருடுகிறார், வாய்த்துடுக்கு, வீம்பு வேறு. மனைவியோடு சண்டை போட்டு அதே தெருவில் தனியாகக் குடியிருக்கிறார். இப்படி ஒருவரை நமக்குப் பிடிக்காமல் போகலாம். அதனால் என்ன? கொலை செய்யாதவர் கொலை செய்யாதவர்தான். நல்லவர் என்று நிரூபித்தால்தான் பிழைக்க முடியும் என்ற நிலையில் வந்தேறிகளை நிறுத்தி வைக்கிறோமே, அதைத்தான் இந்த நாவல் குத்திக் காட்டுகிறது. எந்தத் தீர்ப்பும் இதைச் சொல்லாது. சாட்சியை நம்ப முடியாது, தண்டனை செல்லாது என்பதோடு நீதிமன்றத்தின் வேலை முடிந்துவிடுகிறது.

உங்கள் கவலையில் ஒரு பாதி நியாயம். இறந்தவர்கள் வந்து மறுப்புச் சொல்ல முடியாது. எழுதுகிறவர் அதை மறக்கக் கூடாது. இவர் மறக்கவில்லை. கொலையுண்ட பெண்ணின் பெயரை மாற்றியிருக்கிறார். அவரையும் வெறும் பிணமாக விட்டுவிடாமல், யூதக் குடும்பத்தில் வாழ்ந்த ஒரு மனுஷியாக, நிறைய இடம் கொடுத்து எழுதியிருக்கிறார்.

‘ஆவணங்கள் இருக்கின்றன’ என்கிறீர்கள். தெற்கு வேல்ஸ் போலீஸ் மன்னிப்புக் கேட்டது 2022-இல், நாவல் வந்து ஒரு வருடம் கழித்து. அதற்குள் லாராவும் இல்லை, மூன்று பையன்களும் இல்லை. லாராவுக்குத் தூக்கு நாள் எது என்றே யாரும் சொல்லியிருக்கவில்லை. கணவரைப் பார்க்கச் சிறைக்குப் போனவர், தண்டனை நிறைவேறிவிட்டது என்ற அறிவிப்பைக் கதவில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அந்த அறிவிப்புத் தாள் ஆவணம். அதைப் படித்துவிட்டு அவர் வீட்டுக்குத் திரும்பி நடந்த வழி எந்தக் கோப்பிலும் இல்லை.