மகள் அழுததற்குப் படத்தின் குறை காரணம் இல்லை

வணக்கம். ‘தி லாஸ்ட் யூனிகார்ன்’ படம் பார்த்த உங்கள் எட்டு வயது மகள், “இளவரசன் ஏன் அவளைக் கல்யாணம் செய்யவில்லை?” என்று அழுதாள், என்ன சொல்வது எனக் கேட்டிருந்தீர்கள்.

1982-இல் வந்த இந்தப் படத்துக்கு, 1968-இல் நாவலை எழுதிய பீட்டர் பீகிள் திரைக்கதையும் எழுதினார். தேவதைக் கதையின் வழக்கங்களை அவர் தெரிந்தேதான் மாற்றுகிறார். காணாமல் போன தன் இனத்தைத் தேடி வந்து, மந்திரத்தால் மனுஷியாகிவிட்ட யூனிகார்ன்தான் (ஒற்றைக் கொம்புக் குதிரை) அமால்தியா. கொன்ற டிராகனின் தலையோடு வரும் இளவரசன் லீரிடம் அவள் மயங்குவதில்லை. பிறகு அவளே அவனை விரும்பி, தேடலை விட்டுவிடலாம் என்கிறபோது, கதையின் நடுவில் சுபமுடிவு வராது என்று மறுப்பவன் லீர்தான்.

மகளிடம் கடற்கரைக் காட்சியைத் திரும்பப் போட்டுக் காட்டுங்கள். மறுபடி யூனிகார்னாகிவிட்ட அமால்தியா, செத்துக் கிடக்கும் லீரைக் கொம்பால் தொட்டு எழுப்புகிறாளே, காதல் அங்கேயே சொல்லியாகிவிட்டது. அவள் மனுஷியாகவே இருந்திருந்தால் அலைகளுக்குள் அடைபட்ட மற்ற யூனிகார்ன்கள் வெளியே வந்திருக்குமா என்று கேளுங்கள்.

அப்புறம், கடைசியில் யூனிகார்னுக்கும் வருத்தம் இருக்கிறது. வருந்தத் தெரிந்த ஒரே யூனிகார்ன் அவள்தான், அதற்கு நன்றியும் சொல்கிறாள். உங்கள் மகள் அழுதது அந்த இடம் புரிந்ததால்தான் என்று நினைக்கிறேன். சமாதானப்படுத்த வேறு முடிவு எதுவும் சொல்லிவிடாதீர்கள்.