சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு மருத்துவக் காப்பீடு: தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களுக்குப் பதில்கள்

இந்த முறை வந்திருக்கும் கேள்விகள் எல்லாமே சொந்தமாகத் தொழில் செய்பவர்கள் அனுப்பியவை. "குறைந்த பிரீமியத்தில் எந்த பாலிசி நல்லது?" என்றுதான் பலரும் தொடங்குகிறீர்கள். அதற்கு முன்னால், உங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே உரிமையுள்ள காப்பீடு எது என்று பாருங்கள். அதில் அடங்காததற்கு மட்டும் காசு கொடுத்தால் போதும்.

அரூரில் கல்யாண போட்டோ எடுக்கிறேன். முகூர்த்த மாதங்களில் பணம் வரும், ஆடியிலும் மார்கழியிலும் கை காய்ந்துவிடும். முதலமைச்சர் காப்பீட்டுக்கு என் வருமானத்தை எப்படிக் கணக்கிடுவார்கள்?

மாத ஏற்ற இறக்கம் பொருட்டில்லை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வீட்டில் வேறு யாராவது சம்பாதித்தால் அதுவும் சேரும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்துக்குப் போங்கள். பிரீமியம் அரசு கட்டுவது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இது செல்லும், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். ஆனால் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டும்தான். அட்மிஷன் போடும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓசூரில் வீட்டிலிருந்தே வெப்சைட் வடிவமைக்கிறேன். மனைவி சிப்காட் தொழிற்சாலையில் வேலை செய்கிறார், அவருக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள். எனக்குத் தனி பாலிசி வேண்டுமா?

இஎஸ்ஐ உங்களுக்கும் உண்டு! மனைவி வேலை செய்து கணவர் வீட்டிலிருந்து தொழில் செய்யும் குடும்பங்கள் ஓசூர்ப் பக்கம் பெருகிவிட்டன. ஆனால் கணவருக்கும் இந்த உரிமை இருப்பது பலருக்குத் தெரியவில்லை. பெற்றோரைச் சேர்க்கத்தான் வருமான வரம்பு பார்ப்பார்கள், கணவன் மனைவிக்கு அது கிடையாது. இஎஸ்ஐ பதிவில் குடும்ப விவரத்தில் உங்கள் பெயரும் ஆதாரும் ஏறியிருக்கிறதா என்று மனைவியை இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள். ஓசூரிலேயே இஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இஎஸ்ஐக்குச் சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய். அதைத் தாண்டினாலும் உடனே நின்றுவிடாது. ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று போகும் சந்தாக் காலம் முடியும்வரை தொடரும். சம்பளம் அந்த வரம்பை நெருங்கும்போதே சொந்த பாலிசி ஒன்றை எடுத்துவிடுங்கள்.

வயது 44, தருமபுரியில் கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கிறேன். ஆறு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை. "ஃபார்மில் சர்க்கரையை எழுதாதீங்க சார், பிரீமியம் ஏறிடும்" என்கிறார் ஏஜென்ட்.

எழுதுங்கள். தயவுசெய்து எழுதுங்கள். இந்த ஒரு வரியை மறைத்ததால் பெரிய பில்லோடு நடுத்தெருவில் நின்ற குடும்பங்களைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

மறைத்தால் எப்படித் தெரியும் என்று நினைப்பீர்கள். நெஞ்சுவலி என்று அவசரமாகக் கொண்டுபோகும்போது, டியூட்டி டாக்டர் "சுகர் இருக்கா, எத்தனை வருஷமா?" என்று கேட்பார். உங்கள் மனைவி உண்மையைத்தான் சொல்வார், சொல்லவும் வேண்டும். அது கேஸ் ஷீட்டில் ஏறும், டிஸ்சார்ஜ் சம்மரியிலும் வரும். காப்பீட்டு நிறுவனம் முதலில் படிப்பதே அதைத்தான். ஏஜென்ட் நிரப்பியிருந்தாலும் கையெழுத்து உங்களுடையது.

எழுதினால் என்ன ஆகும்? பிரீமியம் கொஞ்சம் கூடலாம். சர்க்கரை சார்ந்த சிகிச்சைக்குக் காத்திருப்புக் காலம் வைப்பார்கள் (அது முடியும்வரை அந்தச் செலவைத் தர மாட்டார்கள்), 2024 ஏப்ரலிலிருந்து அது 36 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கென்றே விற்கும் பாலிசிகளில் இது இன்னும் குறைவு. ஒரு நிறுவனம் மறுத்தால் அடுத்ததில் கேளுங்கள். "ஐந்து வருஷம் கட்டிட்டா எதையும் கேட்க மாட்டாங்க" என்றும் சிலர் சொல்வார்கள். 60 மாதம் கட்டிய பிறகு விவரம் விட்டுப்போனதைக் காட்டி மறுக்க முடியாது என்பது சரிதான், ஆனால் மோசடி என்று நிரூபித்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. பாலிசி கைக்கு வந்ததும் அதோடு வரும் விண்ணப்ப நகலைப் படியுங்கள். பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

மாத்திரைச் செலவுக்கு, வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் அது தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான்.

கிருஷ்ணகிரியில் மொழிபெயர்ப்பு வேலை. பெரிய வைத்தியம் என்றால் நாங்கள் பெங்களூருதான் போவோம். மலிவான பாலிசி அங்கே செல்லுமா?

சில நிறுவனங்கள் ஊர்களை மண்டலமாகப் பிரித்து, சிறிய ஊர்க்காரருக்குக் குறைந்த பிரீமியம் போடுகின்றன. அந்த பாலிசியோடு பெருநகரத்தில் படுத்தால் பில்லில் ஒரு பங்கை நீங்களே கட்ட வேண்டும் என்ற நிபந்தனை உள்ளே இருக்கலாம். சேலத்துக்கோ வேலூருக்கோ போகும் தருமபுரிக்காரருக்கு இது பெரிய சுமையாக இருக்காது, உங்களுக்கு இருக்கும். வாங்கும் முன் "பெங்களூரில் சேர்ந்தால் என் பங்கு எவ்வளவு?" என்று எழுத்தில் கேளுங்கள்.

ஆரோக்கிய சஞ்சீவனி என்ற பாலிசியில் ஊருக்கு ஊர் பிரீமியம் மாறாது. எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே நிபந்தனைகளோடு விற்பதால், பிரீமியத்தை மட்டும் ஒப்பிட்டு வாங்கலாம். பில்லில் 5 சதவீதம் உங்களுடையது. அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதுவும் நாளுக்கு 5,000 ரூபாய்க்குள். 10,000 ரூபாய் அறையில் தங்கினால் வாடகையில் மட்டுமல்ல, டாக்டர் கட்டணம் போன்றவற்றிலும் பாதி வெட்டுவார்கள். பெங்களூரில் ஷேரிங் அறை கேளுங்கள்.

தொப்பூர் கணவாய் வழியாக தினமும் பைக்கில் போகிறேன். விபத்துக்கு மட்டும் ஏதாவது?

வங்கிக் கணக்கு இருந்தால் பிரதமர் சுரக்ஷா பீமா போடுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய், விபத்து மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம். ஆஸ்பத்திரி பில்லுக்கு இது உதவாது. சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில், "இன்னுயிர் காப்போம்" என்ற தமிழக அரசுத் திட்டம் இருக்கிறது. அதற்கு வருமான வரம்பு இல்லை.

மொத்தமாகக் கட்டப் பணமில்லை. வரிச் சலுகையாவது உண்டா?

மாதத் தவணையில் கட்டலாம். தவறினால் 15 நாள் அவகாசம், காலாண்டு, அரையாண்டுத் தவணைக்கு 30 நாள். அதையும் விட்டால் பாலிசி போய்விடும், காத்திருப்புக் காலமும் முதலிலிருந்து. தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. வருமான வரிக் கழிவு பழைய முறையில் மட்டும்தான்.

பெங்களூரு ஐடி வேலையை விட்டுவிட்டு ஊத்தங்கரையில் இருந்தபடி ஃப்ரீலான்ஸ் செய்யப் போகிறேன். கம்பெனி காப்பீடு?

வேலையை விட்டதும் அது நின்றுவிடும். அதற்கு முன்பே, அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறக் கேளுங்கள். இதுவரை கழித்த காத்திருப்பு ஆண்டுகள் கணக்கில் சேரும். ராஜினாமா கடிதம் கொடுக்கும் நாளிலேயே எச்ஆருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பெற்றோரும் அந்தக் காப்பீட்டில் இருந்தால் அவர்களுக்குத் தனி பாலிசியாகவே கேளுங்கள். ஒரே குடும்ப பாலிசியில் எல்லோரையும் சேர்த்தால் மூத்தவரின் வயதை வைத்துத்தான் பிரீமியம் போடுவார்கள்.