பொருளாதாரம் படித்தவர் கையில் நாட்டைக் கொடுத்தால் தேறிவிடுமா?

'அரசியல்வாதிகளை ஓரங்கட்டிவிட்டு, உலக வங்கி மாதிரி இடத்தில் வேலை பார்த்த ஒரு நேர்மையான பொருளாதார நிபுணரை உட்காரவைத்தால் ஏழை நாடு தேறிவிடாதா?' என்பது கேள்வி. கரீபியக் கடலில் இருக்கும் ஏழை நாடான ஹைட்டியில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஒரே ஆளை வைத்து, ஒரு தடவை அல்ல, பல தடவை. அவர் பெயர் மார்க் பாஸேன்.

நான் தணிக்கை வேலையில் இருப்பவன். கஜானாத் திருட்டு பற்றித் துருவிப் படிக்க ஆரம்பித்தால் என்றைக்காவது ஹைட்டியில் போய் நிற்பீர்கள். எனக்கு அவர் அங்கேதான் அறிமுகம்.

1932ல் சேன்-மார்க் என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். வெளிநாடுகளில் படிப்பு, அப்புறம் உலக வங்கி, மேற்கு ஆப்பிரிக்காவில் உத்தியோகம். இதை விரிப்பதில் சுவாரஸ்யம் ஒன்றும் இல்லை. கதை 1982 பிப்ரவரியில் தொடங்குகிறது.

அப்போது ஹைட்டியை ஆண்டவர் 'பேபி டாக்' என்கிற ழான்-குளோத் துவாலியே. அப்பா 'பாப்பா டாக்' செத்த கையோடு, பத்தொன்பது வயதில் 'ஆயுட்கால அதிபர்' ஆனவர். 1980 கடைசியில் ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) இவர் அரசுக்கு 2.2 கோடி டாலர் கொடுத்தது. பணம் வந்த சுருக்கில் அதில் ஏறக்குறைய 2 கோடி காணாமல் போனது. கடன் கொடுத்தவர்கள் முகம் சுளித்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த, அவர்களே நம்பும் ஒரு முகம் தேவைப்பட்டது. வாஷிங்டனுக்குத் தெரிந்த ஆளாகப் பார்த்து பாஸேனை நிதியமைச்சர் ஆக்கினார்கள்.

திருட்டு எப்படி நடந்தது என்று பார்த்தால் அசந்துபோவீர்கள். பூட்டை உடைத்துத் திருடவில்லை. புகையிலைக்கும் தீப்பெட்டிக்கும் வரி வசூலிக்க ஒரு அரசு நிறுவனம் இருந்தது. சுருக்கமாக 'ரெஜி' என்பார்கள். பாப்பா டாக் காலத்திலேயே இதைப் பட்ஜெட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அதன் வரவு கஜானாவுக்கு வராது, பட்ஜெட்டில் ஏறாது, தணிக்கையும் கிடையாது. காலப்போக்கில் புகையிலைக்குச் சம்பந்தமே இல்லாத பல சாமான்களின் வரியும் அந்தக் கணக்குக்கே போக ஆரம்பித்தது. மாவு மில், சிமென்ட் என்று அரசு கையில் இருந்த ஏகபோகங்களும் அதிபர் வீட்டுக்குக் கறவை மாடுகள்தான். புத்தகத்தில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், ஏனென்றால் திருடப்பட்ட பணம் புத்தகத்துக்குள்ளேயே வரவில்லை.

பாஸேன் உட்கார்ந்து கணக்குப் போட்டார். அரசின் வருமானத்தில் குறைந்தது 36 சதவீதம் சுருட்டப்படுகிறது என்று காட்டினார். இந்த வட்டாரத்திலேயே மிக மோசமாக நிர்வகிக்கப்படும் நாடு நம்முடையதுதான் என்று வெளிப்படையாகவும் சொன்னார். 'மிஸ்டர் க்ளீன்' என்று பட்டம் கிடைத்தது. (நம்மூரில் அந்தப் பட்டம் சில வருடம் கழித்து ராஜீவ் காந்திக்குப் போனது.) ஜூலையில் வேலை போனது. மொத்தம் ஐந்து மாதம்.

1986 பிப்ரவரி 7 அன்று பேபி டாக் அமெரிக்க விமானத்தில் ஏறி பிரான்சுக்கு ஓடினார். பாஸேன் நாடு திரும்பிக் கட்சி ஆரம்பித்தார். 1987 நவம்பர் 29 தேர்தலில் முன்னணி வேட்பாளர்கள் நால்வரில் அவரும் ஒருவர். அன்று காலை தலைநகரில், ருயெல் வையான் தெருவில் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில் நின்றிருந்தவர்களைச் சுட்டும் வெட்டியும் கொன்றார்கள். தேர்தல் ரத்து. அடுத்த ஜனவரியில் ராணுவம் நடத்திய தேர்தலை நால்வருமே புறக்கணித்தார்கள். அதுவரை அவர்மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அடுத்த தேர்தல் 1990 டிசம்பர் 16. பாஸேன்தான் வருவார் என்று வெளிநாட்டுக்காரர்கள் நினைத்தார்கள். கடைசி நேரத்தில் ழான்-பெர்ட்ரான் அரிஸ்தீத் என்கிற குடிசைப்பகுதிப் பாதிரியார் களத்தில் குதித்தார். தன் இயக்கத்துக்கு 'லாவாலாஸ்' என்று பெயர் வைத்தார். ஹைட்டி மக்கள் பேசும் கிரியோல் மொழியில் அதற்கு அடித்துக்கொண்டு போகும் வெள்ளம் என்று அர்த்தம். முடிவு: அரிஸ்தீத் 67 சதவீதம், பாஸேன் 14.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? 'அமெரிக்காவின் வேட்பாளர்' என்ற முத்திரை ஒரு காரணம். எனக்குப் பட்ட இன்னொரு காரணம் அரிசி. 1986ல் பேபி டாக் ஓடிய பிறகு ராணுவ அரசின் நிதியமைச்சராக இருந்த லெஸ்லி தெலாத்தூர், சந்தையை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும் என்கிற சிகாகோ பாணிப் பொருளாதாரக்காரர், இறக்குமதி வரிகளைக் குறைத்தார். மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி வந்து இறங்கியது. சனங்கள் அதற்கு 'மியாமி அரிசி' என்றே பெயர் வைத்தார்கள். அடி வாங்கியது ஆர்த்திபோனித் சமவெளியின் நெல் விவசாயிகள். பாஸேன் பிறந்த சேன்-மார்க் இருப்பதும் அதே ஆர்த்திபோனித்தில்தான். அந்த முடிவை எடுத்தவர் பாஸேன் இல்லை. ஆனால் கோட்டு போட்ட பொருளாதார நிபுணர் என்றால் யாருக்கு வேலை செய்கிறவர் என்று விவசாயி ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருப்பான் அல்லவா?

அரிஸ்தீத் பதவியேற்று எட்டு மாதம்கூட ஆகவில்லை, 1991 செப்டம்பர் 30ல் ஜெனரல் ராவுல் செத்ராஸ் தலைமையில் ராணுவம் அவரைத் துரத்தியது. அமெரிக்க நாடுகளின் அமைப்பு வர்த்தகத் தடை விதித்தது. ஆயிரக்கணக்கானோர் ஓட்டைப் படகுகளில் புளோரிடாவை நோக்கிக் கிளம்பினார்கள். ஜெனரல்களின் அரசை எந்த நாடும் அங்கீகரிக்கவில்லை, வத்திக்கானைத் தவிர. இந்த நேரத்தில் ஜெனரல்களுக்கும் வெளியே காட்ட ஒரு நல்ல முகம் வேண்டியிருந்தது. 1992 ஜூனில் பாஸேன் பிரதமர் ஆனார். தன்னைத் தோற்கடித்தவரைத் துப்பாக்கி முனையில் விரட்டியவர்கள் கொடுத்த நாற்காலி. உட்கார்ந்தார்.

பேச்சுவார்த்தை மூலம் தீர்வு கொண்டுவரப் போகிறேன் என்றார். அதை நம்பித்தான் போனார் என்று வைத்துக்கொள்வோம். கையில் என்ன இருந்தது? அதுவரை நெடுங்காலமாக ஒரு அமெரிக்க டாலருக்கு ஐந்து கூர்து என்று கட்டிவைத்திருந்த நாணயம் அது. சந்தையில் காய்கறி விற்கும் பெண்கள் ஐந்து கூர்தை 'ஒரு ஹைட்டி டாலர்' என்று சொல்லித்தான் விலை பேசுவார்கள். அப்படி ஒரு நோட்டு கிடையாது, வாய்க்கணக்கு மட்டும்தான். இவர் பிரதமராக இருந்த காலத்தில் நிஜ டாலர் பத்து கூர்தைத் தாண்டிப் போய்விட்டது. வாய்க்கணக்கு மட்டும் ஐந்திலேயே நின்றது. 1993 பிப்ரவரியில் ழெரெமியிலிருந்து தலைநகருக்கு வந்த 'நெப்டியூன்' படகு கவிழ்ந்து நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஆட்களையும் ஆடுமாடுகளையும் ஏற்றிய படகு. அதே வருடம் ஜூன் மாதம் பாஸேன் ராஜினாமா செய்தார். அவர் போன சில நாட்களில் ஐ.நா. எண்ணெய்த் தடையையும் போட்டது.

என் தொழிலில் இந்த மாதிரி ஆட்களைப் பார்த்திருக்கிறேன். நானே ஒரு தடவை அப்படி ஆகியிருக்க வேண்டியவன். பல வருடத்துக்கு முன் ஒரு நிறுவனம் சிக்கலில் மாட்டியபோது என்னைக் கூப்பிட்டார்கள். 'சார், நீங்க வந்து உட்கார்ந்தாலே போதும், பேங்க்காரங்க நம்புவாங்க' என்றார் முதலாளி. சம்பளம் நல்ல சம்பளம். பழைய லெட்ஜர்களைப் பார்க்கலாமா என்று கேட்டேன். 'அதெல்லாம் மெதுவா பார்த்துக்கலாம் சார்' என்றார். வீட்டுக்கு வந்துவிட்டேன். பெரிய வீரம் ஒன்றும் இல்லை, பயம்தான். பாஸேனுக்கு அந்தப் பயம் வரவில்லை, அல்லது நாட்டுக்கு ஏதாவது செய்துவிடலாம் என்ற ஆசை பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. 1982ல் லெட்ஜரைத் திறந்து காட்டிய மனிதர் என்பதால்தான் அவரைச் சட்டென்று திட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

இதற்குப் பிறகும் கதை முடியவில்லை என்பதுதான் வேடிக்கை. அரிஸ்தீத் 1994ல் அமெரிக்கப் படைகளின் துணையோடு திரும்பினார். 2001ல் மறுபடி அதிபரானபோது தேர்தல் தகராறால் வெளிநாட்டு உதவி முடங்கிக் கிடந்தது. நன்கொடை நாடுகளிடம் பேச ஒரு ஆள் தேவை. யாரைக் கூப்பிட்டிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? பாஸேனைத்தான். திட்டமிடல், வெளிநாட்டு ஒத்துழைப்பு இலாகா கொடுத்தார். இவரும் போனார்.

2006 பிப்ரவரி 7. பேபி டாக் ஓடிப்போய் மிகச் சரியாக இருபது வருடம். அன்று நடந்த அதிபர் தேர்தலில் எழுபத்துமூன்று வயது பாஸேன் மறுபடி நின்றார், இந்த முறை லாவாலாஸின் ஒரு பிரிவோடு கூட்டு வைத்து. அதுவரை தன் பெயரை இரவல் கொடுத்தே வந்தவர் முதல் தடவையாக அடுத்தவர் பெயரை இரவல் வாங்கினார், அதுவும் 1990ல் தன்னை அடித்துக்கொண்டு போன அதே வெள்ளத்தின் பெயரை. குடிசைப்பகுதிகளின் ஓட்டு அரிஸ்தீத்தின் பழைய சகா ரெனே ப்ரெவாலுக்குப் போனது. பாஸேனுக்கு ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை.