ஸ்வெட்டரில் ஒரு மேப்பிள் குன்று: கேட்டவையும் சொன்னவையும்

செப்டம்பர் கடைசியில் ஒன்டாரியோவின் அல்கான்குவின் பூங்காவுக்குப் போய்வந்த கையோடு ஆரம்பித்த ஸ்வெட்டர், மார்ச்சில்தான் ஊசியை விட்டு இறங்கியது. கீழே ஏரி, கரையில் கறுத்த ஸ்ப்ரூஸ் மரங்கள், அதற்கு மேல் மேப்பிள் குன்றுகள், தோளைச் சுற்றி மூட்டமான வானம். படத்தைப் பார்த்துவிட்டு நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாக வருகிறேன்.

மொத்தம் எத்தனை நிறம் அக்கா? இருபது இருக்குமா? (பெங்களூரு)

ஒன்பதுதான். அதிலும் எந்த வரிசையிலும் கையில் இரண்டு நூலுக்கு மேல் இல்லை. ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து, ஆர்க்னி தீவுகளுக்கு நடுவே உள்ள ஃபேர் ஐல் என்ற குட்டித் தீவின் பெயரில் வழங்கும் பின்னல் முறை இது. சூட்சுமம் என்னவென்றால், முன்னால் தெரியும் நிறமும் பின்னணி நிறமும் ஒரே வரிசையில் மாறக் கூடாது. குன்று சிவப்பிலிருந்து துருநிறத்துக்கு மாறி மூன்று வரிசை கழித்து, பின்னால் சாம்பல் நீலம் வெளிறும். இரண்டும் முன்பின்னாக மாறுவதால், இல்லாத நிறங்களையும் கண் சேர்த்து எண்ணிக்கொள்கிறது.

சிவப்பு, பச்சை, பிரவுன் என்று பார்த்துப் பார்த்து வாங்கினேன். பின்னினால் டிசைனே தெரியவில்லையே! (குன்னூர்)

என் முதல் ஸ்வெட்டருக்கும் இதே கதி. ரத்தச் சிவப்பு மேப்பிள், பின்னால் காட்டுப்பச்சை. மடியில் வைத்துப் பார்த்தால் அள்ளிக்கொண்டு போகும். கண்ணாடி முன்னால் நாலடி தள்ளி நின்றேன், சேற்றில் விழுந்து எழுந்த மாதிரி இருந்தது. இரண்டு நிறமும் வேறு, ஆனால் கருமை ஒரே அளவு. தோற்றுப்போனது அங்கேதான்.

உருண்டைகளை ஜன்னல் ஓரத்தில் வரிசையாக வைத்து, செல்போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுங்கள். எந்த இரண்டு ஒரே சாம்பலாகத் தெரிகின்றனவோ அவற்றை ஒரே வரிசையில் சேர்க்காதீர்கள். என் வரிசை, வெளுப்பிலிருந்து கருமைக்கு: பால்வெள்ளை, பிர்ச் மஞ்சள், வெளிர் சாம்பல், ஆரஞ்சு, சாம்பல் நீலம், துரு, மேப்பிள் சிவப்பு, ஏரி நீலம், ஸ்ப்ரூஸ் பச்சை. பக்கத்துப் பக்கத்து நிறங்களை ஜோடி சேர்த்தால் மூட்டம், நாலைந்து படி தள்ளிச் சேர்த்தால் மரம் பளிச்சென்று நிற்கும். இரண்டும் வேண்டும். தூரத்துக் குன்றுக்கு மூட்டம், கிட்டத்து மரத்துக்குப் பளிச்.

கட்டம் போட்ட தாளில் அழகாக வரைந்த மரம், பின்னியபோது குட்டையாகிவிட்டது. ஏன்? (கோவை)

பின்னலில் ஒரு கண்ணி சதுரம் இல்லை. உயரத்தைவிட அகலம் அதிகம். என் கைக்கு 10 சென்டிமீட்டருக்கு 24 கண்ணி, 30 வரிசை. தாளில் 30 கட்டம் உயரமாக வரைந்த மரம் 12.5 சென்டிமீட்டர் வரும் என்று கண் நம்பும், வருவது 10தான். முதலில் மாதிரித் துண்டு பின்னி, அளந்து, அந்த விகிதத்தில் கட்டம் போட்டு அதில் வரையுங்கள். ஸ்வெட்டரை வட்டமாகப் பின்னப்போகிறீர்கள் என்றால் மாதிரியையும் வட்டமாகவே பின்னுங்கள். திருப்பித் திருப்பிப் பின்னினால் பர்ல் (மேடு விழும் எதிர்க்கண்ணி) வரிசையில் கை தளர்ந்து அளவு பொய் சொல்லும்.

கணக்கையும் முதலிலேயே போட்டுவிடுங்கள். என் உடல்பகுதி 240 கண்ணி, அதாவது 100 சென்டிமீட்டர் சுற்றளவு. ஸ்ப்ரூஸ் 12 கண்ணிக்கு ஒன்று, குன்று 60 கண்ணிக்கு ஒன்று. இரண்டாலும் 240 மீதமில்லாமல் வகுபடும், எங்கேயும் அரை மரம் நிற்காது.

வானத்தில் ஒற்றை மரம் வேண்டும். பின்பக்கம் நூல் நீளமாகத் தொங்குகிறது, மோதிரம் மாட்டுகிறது. (ஓஸ்லோ)

ஐந்து கண்ணிக்கு மேல் ஓடும் நூலை நடுவில் ஒருமுறை மற்ற நூலோடு சுற்றிப் பிடித்துவிடுங்கள். அடுத்த வரிசையிலும் அதே இடத்தில் பிடிக்காதீர்கள், முன்பக்கம் கோடு விழும். ஆனால் முப்பது கண்ணிக்கு ஒரே ஒரு மரம் என்றால் இந்த முறையே அதற்குச் சரிவராது. வானத்தை ஒரே நிறத்தில் பின்னி முடித்துவிட்டு, அந்த மரத்தை ஊசியில் நூல் கோத்து, கண்ணிகளின் மேலேயே அதே தடத்தில் தைத்துவிடுங்கள். என் பிர்ச் மரங்களின் வெள்ளைத் தண்டெல்லாம் அப்படிப் பிறகு ஏற்றியவைதான்.

எந்த நூல் எந்தக் கையில்? (மதுரை)

எந்தக் கை என்பது உங்கள் பழக்கம். பின்பக்கத்தில் எந்த நூல் கீழே ஓடுகிறது என்பதுதான் விஷயம். கீழே ஓடும் நூலின் கண்ணி கொஞ்சம் பெரிதாகி முன்னே துருத்தும். எனவே மரத்தின் நிறம் எப்போதும் கீழே, வானம் மேலே. நான் ஒருநாள் இரவு தூக்கக் கலக்கத்தில் மாற்றிப் பிடித்துவிட்டேன். இடது விலாப் பக்கம் எட்டு வரிசையில் மரங்கள் மட்டும் மெலிந்து, பட்டினி கிடந்த மாதிரி நிற்கின்றன. பிரிக்க மனம் வரவில்லை.

குன்றின் விளிம்பு படிக்கட்டு மாதிரி இருக்கிறது. இழைந்து வரவில்லை. (சிங்கப்பூர்)

ஸ்வீடனுக்குப் போவோம். எம்மா யாகோப்சன் 1939இல் தொடங்கிய போஹுஸ் ஸ்டிக்னிங் என்ற பின்னல் நிறுவனம் 1969 வரை நடந்தது. அவர்கள் வண்ணக் கண்ணிகளுக்கு நடுவே, முன்பக்கத்திலேயே அங்கங்கே பர்ல் கண்ணி வைப்பார்கள். நிறம் மாறும் வரிசையில் பர்ல் வைத்தால், கீழ்வரிசை நிறம் ஒரு சின்னப் புள்ளியாக மேலே எட்டிப் பார்க்கும். விளிம்பு அப்படியே கலங்கிவிடும். என் குன்று உச்சியில் ஆறேழு கண்ணிக்கு ஒரு பர்ல் வைத்தேன், இலைக்கூட்டம் மாதிரியே புசுபுசுவென்று வந்தது. அதிகம் வைத்தால் பாசி பிடித்த சுவராகிவிடும்.

சென்னையில் கிடைக்கும் அக்ரிலிக் உல்லனில் பின்னலாமா?

தாராளமாக. அங்கே எப்போது போட்டுக்கொள்வீர்கள் என்பதை நான் கேட்கவில்லை. ஆட்டுக்கம்பளி இழையில் செதில் உண்டு, ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், நனைத்து விரித்தால் கண்ணிகள் சமமாகும். அக்ரிலிக் வழுக்கும், நனைத்தாலும் அவ்வளவாக மாறாது. அதனால் பின்னும்போதே கை சீராக இருக்க வேண்டும்.

முன்பக்கம் கத்தரியால் வெட்டித் திறப்பார்களாமே, நிஜமா? பிரிந்துவிடாதா? (திருச்சி)

நிஜம்தான் தம்பி. குழாய் மாதிரி பின்னி, திறக்க வேண்டிய இடத்தில் ஏழெட்டுக் கண்ணி கூடுதலாக விட்டு, அதன் நடுக்கோட்டின் இரு பக்கமும் தையல் போட்டுவிட்டு நடுவில் வெட்டுவது. கண்ணி மேலிருந்து கீழாக ஓடும், பக்கவாட்டில் அவ்வளவு எளிதில் ஓடாது. செதிலுள்ள கம்பளி இன்னும் இறுகப் பிடிக்கும். அக்ரிலிக் என்றால் தையல் மெஷினில் இரண்டு ஓட்டு கட்டாயம். நான் முதல்முறை வெட்டியபோது வீட்டுக்காரர் பார்க்க முடியாமல் எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

சிவப்புச் சாயம் வெள்ளையில் இறங்குமோ என்று பயம். (யாழ்ப்பாணம்)

பின்னுவதற்கு முன்பே சிவப்பு நூலில் ஒரு முழம் வெட்டி நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். கறை விழுந்தால் அந்த நூலை வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள்.

மேப்பிள் சிவந்திருக்கும்போது டமரக் (ஊசியிலை மரம்) பச்சையாகத்தானே இருக்கும்? நீங்கள் பொன்னிறமாகப் பின்னியிருக்கிறீர்களே! (ஒட்டாவா)

பிடித்துவிட்டீர்கள். அல்கான்குவினில் சர்க்கரை மேப்பிள் நிறத்தின் உச்சத்தில் இருப்பது செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் நாட்கள். டமரக் பொன்னாவது அக்டோபர் நடுவில், அதற்குள் மேப்பிள் பெரும்பாலும் உதிர்ந்திருக்கும். இரண்டையும் ஒரே குன்றில் நிறுத்தியது என் திருட்டுத்தனம். அந்த இடத்தில் ஒரு மஞ்சள் தேவைப்பட்டது.

விலைக்குப் பின்னித் தருவீர்களா?

மாட்டேன் அம்மா. 25 கிராம் உருண்டை பதினாறு, ஐந்து மாத மாலைப்பொழுதுகள், கட்டைவிரலில் ஒரு காய்ப்பு. விலை சொன்னால் நீங்களே வேண்டாம் என்பீர்கள். சார்ட் வேண்டுமானால் கேளுங்கள், தருகிறேன். டமரக்கைப் பச்சையாக மாற்றியே தருகிறேன்.