உங்கள் 5.3 கி.மீ. விட்டம் அல்ல, ஆரம்

பிழை ஒரே இடத்தில்தான். விண்வெளிச் சூரிய மின்நிலையம் தரைக்கு அனுப்பும் மைக்ரோவேவ் கற்றை பற்றிய உங்கள் கணக்கில், தரையில் அதன் அகலம் என்று நீங்கள் எழுதியிருக்கும் 5.3 கி.மீ. அதன் ஆரம். விட்டம் 10.7 கி.மீ. நாசா வரைபடத்தில் தரை ஏற்பி (கற்றையை வாங்கும் ஆன்டெனாப் பரப்பு) உங்கள் கணக்கைப் போல இரு மடங்காகத் தெரிவது அதனால்தான்.

பாடப்புத்தகச் சூத்திரத்தில் வரும் 1.22, கற்றையின் நடுவிலிருந்து முதல் இருள்வளையம் (ஆற்றல் பூஜ்யமாகும் முதல் வளையம்) வரையிலான கோணத்துக்கானது. பலரும் அதை முழு அகலம் என்று எடுத்துவிடுவார்கள். நானும் ஒருமுறை எடுத்திருக்கிறேன்.

சரிபார்க்க: அலைநீளம் 12.24 செ.மீ. (மைக்ரோவேவ் அடுப்பில் ஓடும் அதே 2.45 கிகாஹெர்ட்ஸ்தான்), செயற்கைக்கோளின் தூரம் 35,786 கி.மீ., அதிலுள்ள அனுப்பும் ஆன்டெனாவின் விட்டம் 1 கி.மீ. முதல் இரண்டையும் பெருக்கி மூன்றாவதால் வகுத்தால் சுமார் 4.38 கி.மீ. அதை 2.44ஆல் (1.22இன் இரு மடங்கு) பெருக்கினால் விட்டம் வரும். 1970களின் இறுதியில் அமெரிக்க எரிசக்தித் துறையும் நாசாவும் போட்ட வரைவில் ஏற்பி 10 × 13 கி.மீ. நீள்வட்டம். கற்றை சாய்வாக விழுவதால் ஒரு பக்கம் நீளம்.

உங்கள் செலவுத் தாளில் நிலப்பரப்பு 22 சதுர கி.மீ.யிலிருந்து 90 ஆகும். 5.8 கிகாஹெர்ட்ஸுக்குப் போனால் விட்டம் 4.5 கி.மீ.தான், ஆனால் அதே மின்சாரத்துக்கு நடுவில் செறிவு ஏறும், கனமழையில் இழப்பும் கூடும்.

அப்புறம் ஒன்று: இதைத் திருத்தியும் யூனிட் விலை பெரிதாக அசையாது. நாசாவின் 2024 அறிக்கையில் மலிவான வடிவமைப்புக்கே யூனிட்டுக்கு 61 அமெரிக்க சென்ட். அதில் பெரும்பங்கு ராக்கெட் செலவு. முதலில் அந்த வரியைப் பாருங்கள்.