தினக்கூலித் தொழிலாளி மறைந்தால் வாரிசுக்கு வேலை உண்டா?

கேள்வி: என் தந்தை மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் 2005ஆம் ஆண்டு முதல் தினக்கூலியாகத் தோட்டப் பராமரிப்பும் துப்புரவும் செய்துவந்தார். 2024இல் உடல்நலக் குறைவால் இறந்துவிட்டார். கருணை அடிப்படையில் எனக்கு வேலை கேட்டு அளித்த மனுவை, 'தந்தை நிரந்தர ஊழியர் அல்லர்' என்று ஒரே வரியில் நிராகரித்துவிட்டார்கள். வழக்குத் தொடுத்தால் வேலை கிடைக்குமா?
– வாசகி ஒருவர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: 19 ஆண்டுகள் உழைத்தவரின் குடும்பத்துக்கு ஒரு வரிதான் பதில் என்பது வேதனைக்குரியது. ஆனாலும் அந்த வரிக்குச் சட்ட ஆதாரம் இருக்கிறது என்பதை உங்களிடம் மறைப்பது நியாயமாகாது. மத்திய பணியாளர் மற்றும் பயிற்சித் துறை 1998 அக்டோபர் 9 அன்று வெளியிட்ட கருணை நியமனத் திட்டத்தில், முறையான நியமனம் பெற்றவர் மட்டுமே 'அரசு ஊழியர்' என்றும், தினக்கூலி, தற்காலிக, ஒப்பந்தப் பணியாளர்கள் அதில் அடங்கமாட்டார்கள் என்றும் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. உத்தராஞ்சல் ஜல் சன்ஸ்தான் வழக்கில் 2009இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், தினக்கூலியாக இருந்து இறந்தவர்களின் வாரிசுகளுக்கு வேலை வழங்கச் சொன்ன உயர் நீதிமன்ற ஆணையை ஏற்கவில்லை. தினக்கூலிகளுக்குச் சில சலுகைகளும் நிரந்தரமாகும் வாய்ப்பும் தந்த 1993ஆம் ஆண்டின் தற்காலிகத் தகுதித் திட்டமும், அப்போது பணியில் இருந்தவர்களுக்கான ஒருமுறை ஏற்பாடு என்பதால், உங்கள் தந்தைக்குப் பொருந்தாது. அவர் உயிருடன் இருந்தபோதே பணிவரன்முறை ஆணை (நிரந்தரமாக்கும் ஆணை) பிறப்பிக்கப்பட்டு, நடைமுறைக்கு வராமல் கிடந்திருந்தால் மட்டுமே வேலைக்காக வழக்காடலாம் என்பது என் கருத்து.

ஆனால் வேலைக்கான மனுவையே நம்பிக் காத்திருந்து, சட்டப்படி வரவேண்டிய பணத்தைக் குடும்பங்கள் தவறவிடுவதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. பணிக்கொடையை (கிராஜுவிட்டி) எடுத்துக்கொள்ளுங்கள். 5 ஆண்டு பணிக்காலம் வேண்டும் என்ற நிபந்தனை இறப்பு நேர்ந்தால் கிடையாது. உங்கள் தந்தையோ அதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு காலம் பணியாற்றியிருக்கிறார். ஆண்டுக்கு 240 நாள் வேலை செய்திருந்தால் அந்த ஆண்டுக்கு 15 நாள் கூலி என்பது கணக்கு. கடைசி நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 19 ஆண்டுகளுக்கு 1,42,500 ரூபாய் வரும். தினக்கூலிக்குப் பணிக்கொடை கிடையாது என்று அலுவலகம் வாதிடக்கூடும். 22 ஆண்டுகள் தினக்கூலியாகவும் பின்னர் 3 ஆண்டுகள் நிரந்தரமாகவும் இருந்த சத்தீஸ்கர் ஊழியர் நேத்ராம் சாஹுவுக்கு, தினக்கூலிக் காலத்தையும் சேர்த்தே பணிக்கொடை தரவேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அவர் இறுதியில் நிரந்தரமாக்கப்பட்டவர் என்ற வேறுபாடு இருந்தாலும், தினக்கூலிக் காலமும் பணிக்காலமே என்ற வாதத்துக்கு அத்தீர்ப்பு வலுச் சேர்க்கும்.

பணிக்கொடைக்கு வாரிசுகள் ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் கெடு கடந்திருந்தாலும் தக்க காரணம் காட்டினால் ஏற்பார்கள். கருணை மனுவுக்கான பதிலுக்காகக் காத்திருந்ததையே காரணமாக எழுதுங்கள்.

ஒப்பந்தக்காரர் மூலமாகக் கூலி வந்து, அதில் வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்பட்டிருந்தால், சேமிப்புக்குப் படிவம் 20, உங்கள் தாயின் ஓய்வூதியத்துக்குப் படிவம் 10-டி, காப்பீட்டுக்குப் படிவம் 5-ஐஎஃப் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். காப்பீட்டுத் தொகை 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கக்கூடும்.

இவை அனைத்துக்கும் ஆதாரம் மஸ்டர் ரோலும் (தினக்கூலிகளின் வருகைப் பதிவேடு) கூலி வழங்கிய வவுச்சர்களும்தான். பழைய பதிவேடுகளை அழித்துவிடும் வாய்ப்பு இருப்பதால், 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமைச் சட்டத்தில் ஆண்டுவாரியாக நகல் கேட்டு இந்த வாரமே மனு அனுப்புங்கள். நகல்கள் வந்ததும், வாரிசு சான்றிதழை இணைத்து அலுவலகத்திடம் பணிக்கொடை கேளுங்கள். மறுத்தால் மத்திய அரசின் உதவித் தொழிலாளர் ஆணையரிடம் முறையிடுங்கள்.